ஒரு சின்ன விஷயம்

அன்று காலை ஆறு மணியிலிருந்து இரவு ஒன்பது மணி வரை வானொலியில் சாஸ்திரிய சங்கீதமும் கலை, பண்பாட்டு உரைகளும் தவிர வேறெதுவும் கிடையாது. வருஷத்துக்கு ஒரு நாள் இப்படி ஒரு கூத்து. சினிமாப் பாட்டு இல்லை, விளம்பரம் இல்லை, சமையல் குறிப்பு இல்லை. மூன்று அறிவிப்பாளர்கள் முறை போட்டுப் பார்க்க வேண்டிய வேலை. ஒருவருக்குப் பிள்ளைக்கு ஜுரம். இன்னொருவருக்கு மாமனாருக்குக் கண் ஆபரேஷன். மிச்சம் இருந்தது அவள்தான். "உங்களுக்கென்ன, வீட்டுல யாரு காத்துக்கிட்டிருக்காங்க" என்றார் நிலைய அதிகாரி. நல்ல மனசோடுதான் சொன்னார். இந்த மாதிரிப் பேச்செல்லாம் நல்ல மனசோடுதான் வரும், அதனால் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை.

அவளும் சரியென்றாள். அவள் சரியென்றதற்குக் காரணம் வேறு. அதை அதிகாரியிடம் சொன்னால் சிரித்திருப்பார்.

ஒரு ஆள் பன்னிரண்டு நாளாகப் போன் பண்ணவில்லை. அதுதான் காரணம்.

அந்த ஆளின் பெயர் அவளுக்குத் தெரியாது. நிலையத்தில் அவருக்குச் 'சின்ன விஷயம்' என்று பட்டப்பெயர். பதினோரு வருஷமாக, அவள் ஒலிபரப்பில் எங்கே இடறினாலும், அடுத்த ஐந்தாவது நிமிஷம் அவர் போனில் இருப்பார். "அம்மா, ஒரு சின்ன விஷயம்" என்றுதான் தொடங்குவார். நீங்கள் சொன்னது ஆதி தாளம், பாடகர் பாடியது ரூபகம். நீங்கள் மணி எட்டு பத்து என்றீர்கள், அப்போது எட்டு ஒன்பது. சொல்லிவிட்டு "சரி, வச்சிடறேன்" என்று வைத்துவிடுவார். குரலில் கோபம் இருக்காது, கேலியும் இருக்காது. சட்டையில் நூல் தொங்குகிறது என்று சொல்லிவிட்டுப் போகிறவரைப் போலப் போய்விடுவார். அதுதான் அவளுக்கு எரிச்சல். திட்டினாலாவது பதிலுக்கு நாலு வார்த்தை கேட்கலாம்.

அவள் ஒரு நாளும் "ஆமாம், தப்பு" என்று சொன்னதில்லை. "கவனிச்சுக்கறேன் சார்" என்பாள். அந்த இரண்டு வார்த்தைக்கு மேல் அவரிடம் கொடுக்க அவளுக்கு மனசு வராது. கட்டுப்பாட்டு அறை மேஜையில் குறைப் பதிவேடு என்று ஒரு தடித்த நோட்டு உண்டு. என்ன தவறு, எத்தனை மணிக்கு, யார் சுட்டிக்காட்டினார்கள் என்று தவறு செய்தவரே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது சட்டம். இருபத்து நாலு வருஷத்தில் அவள் கையெழுத்து அதில் ஒரு தடவைகூட விழவில்லை. பிழையே இல்லாத குரல் என்று போன வருஷம் ஒரு பாராட்டுப் பத்திரம்கூடக் கொடுத்தார்கள். பிழை இல்லாமலா இருந்தது? எழுதவில்லை, அவ்வளவுதான்.

ஒரு தடவை சின்ன விஷயக்காரரே தவறு செய்தார். ஒரு பாட்டை அவள் கமாஸ் ராகம் என்று சொன்னதை இல்லை என்றார். அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள், பாடகரையே கூப்பிட்டுக் கேட்டாள், கமாஸ்தான். ஆகா, மாட்டினார் என்று அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினாள். மறுநாள் அதே நேரத்துக்குப் போன் வந்தது. "அம்மா, ஒரு சின்ன விஷயம். நேத்து நான் சொன்னதுதான் தப்பு. நீங்க சொன்னது சரி. வச்சிடறேன்." அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மனுஷரால் இவ்வளவு சுலபமாகச் சொல்ல முடிகிற வார்த்தை தன் வாயில் ஏன் வரமாட்டேன் என்கிறது என்று அவளுக்கு அவமானமாக இருந்தது.

இன்னொரு தடவை அவர் பிழையே இல்லாமல் கூப்பிட்டார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து, பதினாலு நாள் கழித்து வேலைக்குத் திரும்பிய அன்று. "அம்மா, ஒரு சின்ன விஷயம். பதினாலு நாளா வேற குரல் வந்துது." லீவில் இருந்தேன் சார் என்றாள்.  அவருக்குப் பின்னால் ஒரு சுவர்க் கடிகாரம் அடித்தது. "சரி, வச்சிடறேன்" என்றார். பெற்ற மகள்கூட அத்தனை சரியாக நாளை எண்ணியிருக்க மாட்டாள். மகள் தூரத்தில் வாழ்க்கைப்பட்டவள், ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள், ஐந்து நிமிஷத்தில் "அம்மா, என்கிட்ட ரேடியோ குரல்ல பேசாதே" என்று கிண்டல் பண்ணிவிட்டுப் பேரனைக் குளிப்பாட்டப் போய்விடுவாள்.

இப்போது அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். இன்றோடு பன்னிரண்டு.

காலை ஐந்தரைக்கே வந்து ஸ்டுடியோவில் உட்கார்ந்துவிட்டாள். சுவரெல்லாம் ஓட்டை ஓட்டையான பலகை, தரையில் கம்பளம். அந்த அறை குரலைத் தின்றுவிடும். நீங்கள் சொன்னது எங்கேயும் மோதித் திரும்பி உங்கள் காதுக்கே வராது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பொறியாளர். தங்கமான பையன், ஆனால் ஒலி அளவு காட்டும் மீட்டரில் முள் ஒழுங்காக ஆடினால் அவனுக்கு அது சங்கீதம், ஆடாவிட்டால் கோளாறு. வேறு வித்தியாசம் தெரியாது. மேஜையில் ஒரு தொலைபேசி. ஒலிபரப்பில் மணியடிக்கக் கூடாதென்று அதற்கு மணி கிடையாது, தலையில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு. யாராவது கூப்பிட்டால் விட்டு விட்டு எரியும்.

ஆறு மணிக்கு நாகஸ்வரம். ஆறு நாற்பதுக்கு, மத்தளத்துக்குத் தோல் தேர்ந்தெடுப்பது பற்றி ஒரு பேராசிரியர் உரை. அவர் பதினைந்து நிமிஷம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பதிமூன்றிலேயே பேச்சை முடித்திருந்தார், மிச்சம் இரண்டுக்கு வீணையை இட்டு நிரப்பினாள். பிறகு வாய்ப்பாட்டு. பிறகு தாலாட்டுப் பாடல்கள் பற்றி ஒரு அம்மாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியையும் பிசகில்லாமல் படித்தாள். விளக்கு எரியவில்லை. எரிய என்ன இருக்கிறது, தவறே இல்லையே என்று தன்னையே சமாதானம் பண்ணிக்கொண்டாள்.

பதினொன்றேகாலுக்கு நாக்கு உண்மையாகவே பிசகியது. நேரம் பதினொன்று பதினாலு என்று சொல்லிவிட்டாள். சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடித்துக்கொண்ட அடுத்த நொடி, வெட்கத்தை விட்டுச் சொல்வதானால், அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு நிமிஷப் பிசகை அந்த மனுஷர் விடவே மாட்டார். ஒலிவாங்கியை அணைத்துவிட்டுத் தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து ஆயிற்று. வயலின் ஓய்ந்து மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனமே தொடங்கிவிட்டது.

விளக்கு எரியவில்லை.

அப்போதுதான் காரணங்களை அடுக்கத் தொடங்கினாள். ஊருக்குப் போயிருக்கலாம். ரேடியோ கெட்டிருக்கலாம். காது மந்தமாகியிருக்கலாம். இப்படி ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போனவள், கடைசியில் இருக்கிற ஒன்றை மட்டும் அடுக்கவில்லை. பெயர் தெரியாது, வீடு தெரியாது. அவருக்கு ஏதாவது ஆனால் இவளுக்கு யார் சொல்வார்கள்? எந்த உறவென்று சொல்வார்கள்? 'தப்புக் கண்டுபிடிக்கிறவர்' என்று ஓர் உறவு எந்த அகராதியிலும் இல்லை.

மத்தியானம் கட்டிக்கொண்டு வந்த சாதத்தை ஓய்வறையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். விடுமுறை நாள். நீளமான தாழ்வாரத்தில் ஈ காக்கை இல்லை. ஓய்வறை ஒலிபெருக்கியில், காலையில் தான் பதிவு செய்துவைத்த தன் குரலே நாட்டிய மணிகள் பற்றிய உரையை அறிமுகம் செய்துகொண்டிருந்தது. தன் குரலுக்கு எதிரே உட்கார்ந்து தானே சாப்பிடுவது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. காய்கறிக் கடைக்காரர் இருபது வருஷமாக ரேடியோ வைத்துக்கொண்டு வியாபாரம் பண்ணுகிறார். அவள் போய் வெங்காயம் கேட்டால், இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. தனியாக இருப்பதில் அவளுக்குப் பயமில்லை, பழகிவிட்டது. யாருமே இல்லாத இடத்தில் இருபத்து நாலு வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறோமோ என்பதுதான் பயம். அந்த ஒரு மனுஷர் இருந்தவரை அந்தப் பயம் தலைகாட்டவில்லை. அவர் தவறைக் கண்டுபிடித்தார் என்றால், தவறில்லாத மற்றதையெல்லாமும் கேட்டார் என்றுதானே அர்த்தம்.

டப்பாவைக் கழுவி வைத்தாள். மூன்று மணி அறிவிப்புக்குப் போகும்போதே தீர்மானம் பண்ணிவிட்டாள்.

மூன்று மணிக்கு வயலினில் சஹானா. எதிரே தாளில் கொட்டை எழுத்தில் இருந்தது. அவள் நிதானமாக, அழகாக, "துவிஜாவந்தி" என்றாள். இரண்டும் அக்கா தங்கை மாதிரி முகஜாடை உள்ள ராகங்கள். சாதாரணக் காது ஏமாந்துபோகும், அவருடைய காது ஏமாறாது. இருபத்து நாலு வருஷத்தில் தெரிந்தே செய்த முதல் தவறு.  கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். பையன் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தான். தொலைபேசியைப் பார்த்தாள். இருபது நிமிஷம் வயலின் ஒலித்தது, விளக்கு எரியவில்லை. ஒருவேளை அவருக்கே சந்தேகமோ என்று நினைத்தாள். சேச்சே, அவருக்காவது சந்தேகமாவது.

அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் உரையும் பாட்டுமாக ஓடியது. அவள் சொல்லவேண்டியதைச் சொன்னாள். என்ன சொன்னாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

மாலை ஆறு பத்துக்குப் புல்லாங்குழல். மோகனம். சங்கீதம் கற்றுக்கொள்ள உட்காரும் குழந்தைக்குக்கூட முதல் வருஷத்திலேயே பழகிப்போகிற ராகம். ஒலிவாங்கியைத் திறந்தாள். "அடுத்து, புல்லாங்குழலில் தோடி" என்றாள்.

சர்க்கரையை அள்ளிக் கையில் கொடுத்துவிட்டு உப்பு என்று சொன்ன கதைதான். இதை விடப் பெரிய தவறு செய்ய வேண்டுமானால் குழலை மிருதங்கம் என்று சொல்ல வேண்டும். இதற்காவது ஊரே திரண்டு வந்து சண்டை பிடிக்க வேண்டாமா? மோகனம் பாட்டுக்கு ஒளிவு மறைவு இல்லாமல் பதினாலு நிமிஷம் பொழிந்தது. ஒருவரும் கூப்பிடவில்லை. முடிந்ததும் பின்னறிவிப்பு. ஒலிவாங்கியை மறுபடி திறந்து, "நீங்கள் கேட்டது தோடி" என்று இன்னொரு தடவை சத்தியம் பண்ணினாள். வீணை இசையைத் தட்டிவிட்டாள். பன்னிரண்டு நிமிஷம் ஓடும்.

உள்பேசியில் பையனைக் கூப்பிட்டு, நான் இப்போது என்ன ராகம் சொன்னேன் என்று கேட்டாள்.

"கவனிக்கலையேக்கா. லெவல் சரியா இருந்துச்சு" என்றான்.

அப்போது விளக்கு எரிந்தது. சட்டென்று எடுத்தாள். யாரோ ஒரு ஆள், சினிமாப் பாட்டு எத்தனை மணிக்குப் போடுவீங்க என்று கேட்டார். நாளைக்கு என்றாள். நாளைக்கா என்று சலித்துக்கொண்டு வைத்தார். அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணில் நீரும் வந்தது. சொந்த வேலைக்குத் தானே குழி பறித்துக்கொண்டு இரண்டு தடவை கூசாமல் பொய் சொன்னாள், அது பொய் என்று சொல்லக்கூட ஒரு ஜீவன் இல்லை. அவர் இல்லை. அவர் போய்விட்டார். மத்தியானம் அடுக்காமல் விட்ட அந்த ஒன்றை இப்போது அடுக்கிவிட்டாள்.

விளக்கு மறுபடி எரிந்தது. சினிமாப் பாட்டுக்காரர்தான் என்று நினைத்து மெதுவாக எடுத்தாள்.

ஒரு பெண் குரல், இளவயசுக் குரல். "ரேடியோவாங்க? நான் இங்க ஐயாவைப் பாத்துக்கற நர்சு. இது சரியான நம்பரான்னு தெரியல. போனுக்கு மேல சுவத்துல பெருசா எழுதியிருந்துது."

எந்த ஐயா என்று அவள் கேட்டாள். கேட்கும்போதே பின்னால் வீணை கேட்டது. அவள் தட்டிவிட்ட அதே வீணை.

நர்சு கடகடவென்று சொன்னாள். ஐயாவுக்குப் பக்கவாதம் வந்து இன்னைக்கோட பன்னிரண்டு நாள். மத்தியானம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தோம். வலது பக்கம் வரலை, பேச்சு வரலை. வந்ததும் ரேடியோவைக் காட்டினார், போட்டுவிட்டேன். மூணு மணிக்கு ஒரு தடவை இடது கையால கட்டிலைத் தட்டினார், தண்ணின்னு நினைச்சுட்டேன். இப்ப ஒரு கால் மணியா தட்டோ தட்டுன்னு தட்டறார், போனையே காட்டறார். வலிக்குதான்னு கேட்டா இல்லைங்கறார். ஒண்ணும் புரியலை, அதான் பண்ணேன். "அவரு காதுல வைக்கறேன், கொஞ்சம் பேசறீங்களா?"

போன் கை மாறியது. மூச்சு கேட்டது. நீளமான, கனத்த மூச்சு. பாரமான சாமானை நகர்த்துகிற ஆளைப் போல அந்தப் பக்கத்தில் யாரோ ஒரு வார்த்தையை நகர்த்திக்கொண்டிருந்தார்.

"த...ப்..." என்றது குரல். நின்றது. மறுபடி தொடங்கியது. "த...ப்பு."

'அம்மா'வும் இல்லை, 'ஒரு சின்ன விஷய'மும் இல்லை. அதற்கெல்லாம் அவரிடம் இப்போது பலம் கிடையாது. இருந்த பலத்தையெல்லாம் திரட்டி அந்த ஒரு வார்த்தையைக் கொண்டுவந்திருந்தார்.

பதினோரு வருஷமாக வாய்க்குள் கிடந்தது அவளுக்கு அப்போதுதான் வெளியே வந்தது. "ஆமா சார். தப்புதான். அது தோடி இல்ல, மோகனம். மூணு மணிக்கு வாசிச்சது சஹானா. பதினொண்ணேகால ஒரு நிமிஷம் குறைச்சுச் சொன்னேன், அதை நீங்க கேட்டிருக்க மாட்டீங்க. கடைசி ரெண்டும் தெரிஞ்சேதான் சார் பண்ணேன். நீங்க கேக்கறீங்களான்னு தெரியணும் எனக்கு. பன்னெண்டு நாளா..." அதற்கு மேல் அவளுக்கும் பேச்சு வரவில்லை. 

அந்தப் பக்கம் சுவர்க் கடிகாரம் அரை மணிக்கு உரிய ஒற்றை அடி அடித்தது. ஸ்டுடியோக் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு முப்பத்திரண்டு. பதினோரு வருஷமாக அந்தக் கடிகாரம் இரண்டு நிமிஷம் தாமதமாகத்தான் அடிக்கிறது. ஊருக்கெல்லாம் மணி திருத்துகிறவர் வீட்டில் இந்த லட்சணம் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாளே தவிர, அவரிடம் சொன்னதில்லை.

"சார், ஒரு சின்ன விஷயம். உங்க வீட்டுக் கடிகாரம் ரெண்டு நிமிஷம் பின்னால ஓடுது."

அந்தப் பக்கம் என்னவோ ஒரு சத்தம். இருமல் என்றுதான் முதலில் நினைத்தாள். நர்சு போனை வாங்கி, "ஐயா சிரிக்கறாருங்க. என்ன சொன்னீங்க?" என்றாள். கடிகாரத்தைச் சரியாக வைக்கச் சொன்னாள் அவள். அவர் வழக்கமாகச் சொல்வதை இன்றைக்கு அவர் சொல்ல முடியாது என்பதால், "சரி, வச்சிடறேன்" என்று தானே சொல்லி வைத்தாள்.

வீணை முடிய மூன்று நிமிஷம் இருந்தது. கட்டுப்பாட்டு அறைக்குப் போய்க் குறைப் பதிவேட்டை எடுத்து வந்தாள். பையன் ஆச்சரியமாகப் பார்த்தான். பதினொன்று பதினைந்து, மூன்று மணி, ஆறு பத்து, ஆறு இருபத்து நாலு என்று நாலு வரி எழுதினாள். காரணம் என்ற இடத்தில் 'என் தவறு' என்று எழுதினாள். சுட்டிக்காட்டியவர் என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. இப்போதும் பெயர் கேட்கவில்லை. 'நேயர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நாளைக்கு அதிகாரி கேட்பார். கேட்கட்டும்.

ஆறு முப்பத்தேழுக்கு ஒலிவாங்கியைத் திறந்தாள்.

"நேயர்களே, ஒரு சின்ன விஷயம்" என்றாள். "சற்று முன் புல்லாங்குழலில் நீங்கள் கேட்டது மோகனம். மூன்று மணிக்கு வயலினில் கேட்டது சஹானா. இரண்டையும் நான் தவறாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்து திருத்திய நேயருக்கு நன்றி. நேரம் ஆறு மணி முப்பத்தேழு நிமிஷம்."

மூடினாள். அடுத்த உரை ஓடத் தொடங்கியது. தொலைபேசி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிஷம் ஆயிற்று, பத்து நிமிஷம் ஆயிற்று, விளக்கு எரியவில்லை. சொன்னது சரியாக இருந்தால் அவர் கூப்பிட மாட்டார்.